குளோரினம்மா சீஃப் கெஸ்ட் ஆன நாள்

பாலம் கட்டுகிறவரை மேடையில் ஏற்றுவார்கள். பாட்டுப் பாடுகிறவரை ஏற்றுவார்கள். பந்து அடிக்கிறவரை ஏற்றினால் இறக்கவே மாட்டார்கள். ஊர்த் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? காய்ச்சல் வராத பிள்ளைக்காக யாராவது யாருக்காவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாலு வீட்டில் வயிறு கலங்கினால் மட்டும் தண்ணீர் நிலையத்து ஃபோன் அலறும். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது, யாரோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று குளோரினம்மா நினைத்துவிட்டாள்.

"லைன்மேன் நம்பர் தர்றேன், எழுதிக்கங்க," என்றாள் எடுத்த எடுப்பில்.

"ஐயோ, புகார் இல்லை மேடம்," என்றார் மறுமுனையில் கெமிஸ்ட்ரி சார். "ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி தினம் கொண்டாடறோம். நீங்கதான் சீஃப் கெஸ்ட்."

அவர் விவரம் சொன்னார். அன்றைக்கு ஒரே நாளில் பல நாடுகளில் பல பள்ளிகள் இதைக் கொண்டாடுகின்றனவாம். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வருவார்கள். அதில் ஒரு சின்ன மாத்திரையைப் போட வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். எந்த ஊரில் என்ன நிறம் வந்தது என்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பள்ளிகளும் ஓர் உலகப் படத்தில் பதிய வேண்டும். "நம்ம ஊர் நிறமே உங்க கையால வர்றதுதானே மேடம்," என்று சார் முடித்தபோது குளோரினம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

குளோரினம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் நகரத்துத் தண்ணீர் நிலையத்தின் கெமிஸ்ட். ஆற்றிலிருந்து பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்து விழுகிற தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணல் படுகையில் இறக்கி, கடைசியில் குளோரின் கலந்து ஊருக்குள் அனுப்புகிற வரைக்கும் பொறுப்பு அவளுடையது. காலையில் போனதும் முதல் வேலை, ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி அம்மோனியாவில் நனைத்து, குளோரின் சிலிண்டர்களின் மூட்டுக்கு மூட்டு நீட்டிப் பார்ப்பது. எங்காவது கசிந்தால் பஞ்சிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பும். அந்த அறையின் வாடை எத்தனை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு ஜன்னலைத் திறப்பார்கள். யாரோ எப்போதோ வைத்த அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வருத்தமெல்லாம் மகளுக்குத்தான். வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். இப்போது அம்மாவைவிட அரை முழம் உயரம், ஆனாலும் பொடிசுதான். வகுப்பில் அவளுக்குப் ‘பிளீச்சிங் பவுடர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது அம்மா என்ன வேலை என்று கேட்டால் "கவர்மென்ட்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

சீஃப் கெஸ்ட் செய்தியைக் கேட்டதும் பொடிசின் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, நீ வந்தே ஆகணுமா?"

"ஏன்டி, நான் வந்தா உன் ஸ்கூல் சுவர் வெளுத்துடுமா?"

"அதுக்கில்லைம்மா. ரொம்ப நேரம் குளோரின் பத்திப் பேசாதே, அவ்வளவுதான்."

குளோரினம்மா சிரித்து வைத்தாள். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் மதிக்காவிட்டால் போகட்டும், பெற்ற பெண் ஒரு தரம் நிமிர்ந்து ‘இவங்க என் அம்மா’ என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. அந்த மேடைக்குப் போக அவள் சம்மதித்ததே அதற்காகத்தான்.

தலைகால் புரியாமல் குதித்தது நாத்தனார். கணவரின் தங்கை, அடுத்த தெருவில் வீடு, அவளுடைய பையனும் அதே பள்ளி. செய்தி கேட்ட மறுநிமிடம் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! எங்க அண்ணி சீஃப் கெஸ்ட்! அம்மாங்க குரூப்ல எல்லாருக்கும் போட்டுட்டேன்."

"அதுக்குள்ளேயா?"

"பின்னே? வெளிநாட்டுக்காரங்கெல்லாம் நம்ம ஊர்த் தண்ணிய படத்துல பாக்கப் போறாங்களாமே. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அண்ணி, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று குளோரினம்மா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாத்தனார் ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொன்ன எந்தக் காரியமும் அந்தக் குடும்பத்தில் சேதாரமில்லாமல் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

விழா நாள் வந்தது. பள்ளியின் பெரிய கூடத்தில் பெற்றோர்கள் நிரம்பி வழிந்தார்கள். முன்னால் திரையில் உலகப் படம். நிறத்தைப் பதிந்த பள்ளிகள் அதில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. இவர்கள் ஊர் இருக்கிற இடத்தில் இன்னும் ஒன்றுமில்லை. மேடைக்குக் கீழே நீள மேசை, அதன்மேல் வரிசையாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தந்தப் பிள்ளை கொண்டுவந்த பாட்டில். விவரங்களைப் படத்தில் பதிகிற கம்ப்யூட்டர் முன்னால், தட்டச்சு வேகமாக வரும் என்பதற்காக, பொடிசை உட்காரவைத்திருந்தார்கள். அவள் அம்மா பக்கம் திரும்பவேயில்லை.

குளோரினம்மா பேசினாள். கொஞ்சமாகப் பேச வேண்டும் என்றுதான் எழுந்தாள், ஆனால் மைக் கையில் வந்ததும் மனசு கேட்கவில்லை. குளோரின் இல்லாத காலத்தில் ஒரே மழைக்காலத்தில் காலராவில் தெருத் தெருவாகக் காலியானதைச் சொன்னாள். ஒரு பெரிய தொட்டித் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை குளோரின், அவ்வளவுதான், அத்தனை கிருமிக்கும் அது போதும் என்று சொன்னாள். "டாக்டர் ஒருத்தரை ஒருத்தராப் பாத்துக் குணமாக்குவார். கெமிஸ்ட்ரி ஒரு ஊரையே நோயில விழாமப் பாத்துக்கும். உங்க வீட்டுக் குழாயில வர்ற ஒவ்வொரு சொட்டும் எங்க கை வழியாத்தான் வருது. பயப்படாம குடிங்க!" என்று முடித்தபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாத்தனார் எழுந்து நின்று தட்டினாள்.

கெமிஸ்ட்ரி சார் சைகை காட்ட, பிள்ளைகள் தங்கள் பாட்டில் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி மாத்திரையைப் போட்டுக் கலக்கினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

முதல் கோப்பை தண்ணீராகவே நின்றது. இரண்டாவதும் அப்படியே. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மாத்திரை கரைந்து காணாமல் போனதுதான் மிச்சம், ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. அந்த வரிசையில் ஒரே ஒரு கோப்பை மட்டும் ரோஜாப்பூ நிறத்தில் பளிச்சென்று நின்றது. அது பொடிசுடையது. காலையில் குளோரினம்மாவே சமையலறைக் குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்த தண்ணீர்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "ஊருக்கு வெறும் தண்ணி, அவங்க வீட்டுக்கு மட்டும் மருந்துத் தண்ணி போகுதுபோல."

இப்போதுதானே ஒவ்வொரு சொட்டும் எங்கள் கை வழியாக என்று மார்தட்டினாள் குளோரினம்மா! மானம் கப்பலேறுவதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். தலைமையாசிரியை எந்தப் பக்கமும் பார்க்காமல் பூங்கொத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பாள். கம்ப்யூட்டர் முன்னால் பொடிசு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அவள் நிலையத்துக்கு ஃபோன் போட்டாள். "காலையிலேருந்து பம்பு நிக்கவே இல்லை மேடம், குளோரின் சரியாப் போயிட்டிருக்கு," என்றார் ஆபரேட்டர் அண்ணன். அவர் பொய் சொல்கிறவரில்லை. மாத்திரை கெட்டுப்போயிருக்குமா என்று யோசித்தால், அதே டப்பாவிலிருந்த மாத்திரைதான் பொடிசின் கோப்பையில் நிறம் காட்டியிருக்கிறது.

அவள் மேசைக்கு இறங்கி வந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இந்த ஊர்த் தண்ணீருக்கென்று ஒரு கனம் உண்டு, நாக்கில் லேசாகச் சுண்ணாம்பு உரசும். ஊரில் கெட்டில் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அடியில் வெள்ளைப் பொருக்கு தட்டியிருக்கும். இந்தத் தண்ணீரோ நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"சார், சோப்பு இருக்கா?"

கெமிஸ்ட்ரி சார் கைகழுவுகிற இடத்திலிருந்து திரவச் சோப்பைக் கொண்டுவந்தார்.

"இது வேண்டாம் சார், இது எந்தத் தண்ணியிலயும் நுரைக்கும். குளிக்கிற கட்டிச் சோப்பு வேணும்."

பள்ளிக்கூடத்தில் குளிக்கிற சோப்புக்கு எங்கே போவது? கடைசியில் விளையாட்டு மாஸ்டர் கூச்சத்தோடு தன் பையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கூடம் கொல்லென்று சிரித்தது. குளோரினம்மா ஓர் அடிக்கோலின் விளிம்பால் சோப்பைத் துருவினாள். ஒரு பாட்டிலில் கொஞ்சம் போட்டு, மூடி, பலம்கொண்ட மட்டும் குலுக்கினாள். கழுத்து வரை வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நின்றது. இன்னொரு பாட்டில், அதிலும் நுரை. பிள்ளைகளுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஆளாளுக்குச் சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்க, மேசை முழுக்க நுரை மயம்.

கடைசியாகப் பொடிசின் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குலுக்கினாள். நுரை வரவில்லை. திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி திப்பியாக ஏதோ மேலே மிதந்தது.

அவள் மைக்கை எடுத்தாள்.

"நம்ம ஊர்த் தண்ணி பிடிவாதக்காரத் தண்ணி. சுண்ணாம்பு ஜாஸ்தி. கட்டிச் சோப்புக்கு லேசில மசியாது, இப்படித்தான் திரியும். ஒவ்வொரு நாளும் துணி துவைக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? இதோ இங்கே நுரைச்சு நிக்குதே, இது எதுவும் என் தண்ணி இல்லை. யார் வீட்டுக் குழாயிலேருந்தும் இது நேரா வரலை. இப்ப சொல்லுங்க, இது எங்கேருந்து வந்துச்சு?"

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

"எங்கம்மா கேன் தண்ணி ஊத்திக் குடுத்தாங்க."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "எங்க வீட்ல மெஷின்ல சுத்தம் பண்ணின தண்ணி!" "எங்கம்மா கொதிக்க வெச்சு, அடியில படிஞ்ச வெள்ளைய விட்டுட்டு மேலாப்பல ஊத்தினாங்க!" "எங்கப்பா கடையில புதுசா ஒரு பாட்டிலே வாங்கிட்டு வந்தாரு!" பிள்ளைகள் பெற்றவர்களைப் போட்டி போட்டுக்கொண்டு காட்டிக் கொடுத்தார்கள்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்றார் கெமிஸ்ட்ரி சார், அழாத குறையாக. "குழாய்த் தண்ணின்னு தெளிவாத்தானே சொன்னேன்? மெஷின்ல விட்டாலும் கொதிக்க வெச்சாலும் குளோரின் போயிடுமே!"

அம்மாக்களின் தலைகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. அங்கே நாத்தனார் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றாள் குளோரினம்மா மைக்கிலேயே. "நீ என்ன பண்ணினே?"

நாத்தனார் எழுந்தாள். முகமெல்லாம் அசடு வழிந்தது.

"உலகமே பாக்கப் போகுதுன்னு சொன்னாங்க அண்ணி. நம்ம ஊர்த் தண்ணி, அதுவும் உங்க தண்ணி, பாக்க அழகா இருக்க வேணாமா? அதான் குரூப்ல போட்டேன். எல்லாரும் வீட்ல இருக்கறதுலயே நல்ல தண்ணியா அனுப்புங்க, எங்க அண்ணி மானம் உங்க கையிலன்னு." பாதியில் குரல் தேய்ந்தது. "நல்ல தண்ணியில நிறமே வராதுன்னு எனக்கு என்ன அண்ணி தெரியும்?"

கூடம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்வரிசையில் ‘மருந்துத் தண்ணி’ என்ற மனிதர், தான் கையோடு கொண்டுவந்திருந்த கேன் தண்ணீர்ப் பாட்டிலை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். நாத்தனாரை அங்கேயே நாலு வார்த்தை வெளுத்து வாங்க வேண்டும் என்றுதான் குளோரினம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் தன் மானத்தைக் காப்பாற்றப் போய்த் தன் மானத்தை வாங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வரை நேரமிருந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களோடு வீட்டுக்கு விரட்டினார்கள். நேராகக் குழாயடி, நேராகப் பாட்டில், நேராகப் பள்ளி, நடுவில் கேனும் இல்லை மெஷினும் இல்லை என்று கெமிஸ்ட்ரி சார் வாசலில் நின்று கத்தினார். மூச்சிரைக்க ஓடிவந்து மறுபடி கோப்பைகளில் ஊற்றினார்கள். மறுபடி மாத்திரை விழுந்தது.

இந்தத் தடவை ஏமாற்றவில்லை. முதல் கோப்பையின் அடியிலிருந்து மெல்ல ஒரு சிவப்பு சுருண்டு எழுந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளில் அடர்ந்தும், தூரத்து வீடுகளில் வெளிறியும், மேசை முழுக்க இளஞ்சிவப்பு. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். தன் கைவேலையை ஆண்டாண்டு காலமாகக் கண்ணுக்குத் தெரியாமலே அனுப்பிக்கொண்டிருந்தவள், முதன்முதலாக அதை வரிசையாக ஓர் இடத்தில் பார்த்தாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. இதெல்லாம் நான் அனுப்பியது என்று ஒவ்வொரு கோப்பையையும் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

கடைசிக்கு முந்தின கோப்பை மட்டும் வெறும் தண்ணீராக நின்றது.

"பாருடா, இன்னும் ஒரு கேன் தண்ணி!" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு கிளம்பியது. அது தையல்காரம்மாவின் பையன் கொண்டுவந்தது. தையல்காரம்மா எழுந்து நின்றாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறாள்.

"சத்தியமாச் சொல்றேன், குழாயத் திறந்து நேராத்தான் பிடிச்சேன். காலையிலயும் குழாத் தண்ணிதான் குடுத்தேன். கேன் வாங்க எனக்கு எங்கே வசதி?"

"பரவாயில்லை, ஒத்துக்கோங்கக்கா," என்றாள் நாத்தனார் பெரிய மனதோடு. "நானே ஒத்துக்கிட்டேன்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை, அவள் முகம் சுண்டிப்போனது.

குளோரினம்மாவும் சிரிக்கவில்லை. காலையில் பிள்ளைகள் குலுக்கிய கூத்தில் அந்தப் பாட்டில் நுரைத்ததா என்று யாரும் கவனித்திருக்கவில்லை. ஆனால் தையல்காரம்மா எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். ஊரின் தெற்கு மூலை, பைப் அதோடு முடிகிறது. முட்டுச் சந்தில் நிற்கிற தண்ணீர் தேங்கித் தேங்கிப் பழசாகும், குளோரின் செத்துப்போகும். ஆனால் அந்தத் தெருவிலிருந்து வாராவாரம் வருகிற சோதனைத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. எங்கே பிடிக்கிறார்கள் அதை? யோசித்ததும் பளிச்சென்று புரிந்தது. தெருமுனை டீக்கடைக் குழாயில். லைன்மேன் டீ குடிக்கிற இடத்தில். கடைசி வீடு வரை நடந்து போ என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. இவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் போய் வால்வைத் திறந்து சரிபண்ணிவிட்டால் முடிந்தது. இப்போதுதான் மானம் கரைசேர்ந்திருக்கிறது, மறுபடி ஏன் தண்ணீரில் இறக்க வேண்டும்? மைக் பக்கத்திலேயே இருந்தது, அவள் கை அதை எடுக்கவில்லை.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பொடிசு கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்தாள். யாரையும் கேட்காமல் அடிக்கோலை எடுத்தாள். சோப்பைத் துருவினாள். தையல்காரம்மாவின் பாட்டிலில் போட்டு, மூடி, குலுக்கினாள். சிரிப்பு அடங்கி எல்லாரும் பார்த்தார்கள். அவள் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

நுரை இல்லை. திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி.

"அவங்க பொய் சொல்லலை," என்றாள் பொடிசு. குரல் கூடத்தின் கடைசி வரை கேட்டது. "இது கேன் தண்ணி இல்லை." பிறகு அம்மாவை நேராகப் பார்த்தாள். அன்று முழுக்கப் பார்க்காதவள் இப்போது பார்த்தாள். "அம்மா, இது நம்ம தண்ணிதான்."

குளோரினம்மாவுக்கு முதலில் நெஞ்சு திக்கென்றது. அடுத்த கணமே அந்தத் திக்கை எங்கிருந்தோ வந்த ஒரு சந்தோஷம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தன் தப்பை ஊர் நடுவில் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் பெற்ற பெண், இவளுக்கோ பெருமையில் கண் கரித்தது. தான் வாய்மூடி நின்ற இடத்தில் இவள் எழுந்து வந்திருக்கிறாளே! அதோடு, ‘நம்ம தண்ணி’ என்றாளே! இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

அவள் மைக்கை எடுத்தாள்.

"பொண்ணு சொல்றது சரி. இது எங்க தண்ணிதான், இதுல குளோரின் இல்லை. அந்தத் தெரு முனையில மட்டும் சோதிச்சுட்டு கடைசி வீட்டை நாங்க பாக்காம விட்டுட்டோம். அது என் பொறுப்பு. இப்ப சொன்னது பிள்ளைங்க, நான் சொல்லியிருக்கணும்." தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "உங்களைப் பாத்துச் சிரிச்சதுக்கு எல்லார் சார்பிலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேம்மா. சரிபண்ற வரைக்கும் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிங்க. ரொம்ப நேரம் ஆகாது, இப்பவே வர்றேன்."

தையல்காரம்மா இஞ்சு டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். "பையனுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமப் போகும் மேடம். நான் ஐஸ் திங்கறான்னு நினைச்சு அடிப்பேன்," என்றாள். நாத்தனார் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், அது அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

தலைமையாசிரியை மெதுவாகக் குனிந்து, "மேடம், படத்துல மத்ததை மட்டும் போட்டுட்டா என்ன? இந்த ஒண்ணுதானே..." என்று இழுத்தார்.

பொடிசு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு, அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

"சைபர்னு போடு," என்றாள் குளோரினம்மா.

பொடிசு போட்டாள். திரையில் அவர்கள் ஊர் இருக்கிற இடத்தில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி முளைத்தது. சைபர் இருந்ததால் அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பார்க்க அப்படியொன்றும் அழகாக இல்லை. அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள், படத்தில் அங்கங்கே இன்னும் சில புள்ளிகளுக்கும் வளையம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஊரில், இதே மாதிரி ஒரு கூடத்தில், இதே மாதிரி யாரோ உள்ளதை உள்ளபடி பதிந்திருக்கிறார்கள். கைதட்டலை ஆரம்பித்தது யாரென்று தெரியவில்லை. காலையில் பேச்சுக்குக் கிடைத்ததைவிட அது பலமாக இருந்தது.

வெயில் தாழ்கிற நேரத்தில் தெற்கு மூலைத் தெருவில் ஒரு கூட்டமே நின்றது. கெமிஸ்ட்ரி சார், பிள்ளைகள், தையல்காரம்மா, ஒரு குடம் தண்ணீரைக் காய்ச்சித் தூக்கிக்கொண்டு நாத்தனார். லைன்மேன் தலையைச் சொறிந்துகொண்டே முட்டுச் சந்தில் வால்வுக் குழியின் மூடியைத் திறந்தார். வால்வு துருவேறி அசைய மறுத்தது. சீஃப் கெஸ்டுக்குப் போட்ட மாலையைக் கழற்றி மதில்மேல் தொங்கவிட்டுவிட்டு, குளோரினம்மாவே ஸ்பேனரை வாங்கிக் குழிக்குள் இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து திருகியதில் அது முனகிக்கொண்டே வழிவிட்டது. தேங்கிக் கிடந்த தண்ணீர் செங்கல் நிறத்தில் குபுகுபுவென்று சாக்கடையில் பாய்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது, பிறகு தெளிந்து ஓடியது. அந்தப் பழகின குளோரின் வாடை தெருவில் எழுந்ததும் கூட்டத்தில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். தையல்காரம்மா ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

அவள் வீட்டுக் குழாயில் அவளே கோப்பையைப் பிடித்தாள், அவள் பையன் மாத்திரையைப் போட்டான். மெல்லிய சிவப்பு, ஆனால் சிவப்பு. தெருவே ‘ஓ’வென்று கத்தியது. தையல்காரம்மா அந்தக் கோப்பையைத் தையல் மெஷின்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, குடித்துவிடாதே என்று பையனை மிரட்டினாள்.

பொடிசு மதிலோரமாக நின்று கெமிஸ்ட்ரி சாரின் ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதறே?" என்றாள் குளோரினம்மா குழிக்குள்ளிருந்து. பிள்ளைகள் பிடித்துக் காட்டுகிற கோப்பைகளில் நிறம் ஏற ஏற, வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைம்மா."

"படத்துல வளையம் வந்த இன்னொரு ஊர் ஸ்கூல்லேருந்து கேட்டிருக்காங்க மேடம்," என்றார் சார், பொடிசின் தோளுக்கு மேலாகப் பார்த்து. "எங்களுக்கும் ஒரு சைபர் வந்திருக்கு, பெரியவங்ககிட்ட சொல்லப் பயமா இருக்கு, உங்க ஊர்ல தண்ணிக்குப் பொறுப்பானவங்க கோபப்படலையா, அப்படின்னு."

"நீ என்ன பதில் போட்டே?"

பொடிசு தயங்கினாள். பிறகு கூட்டத்துக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"பொறுப்பு எங்க அம்மாதான். கோபப்படலை. குழிக்குள்ள இறங்கி வால்வைத் திருகிட்டிருக்காங்க. நீங்களும் சொல்லுங்க."

குளோரினம்மா ஈரக் கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.